புதினத்திலிருந்து திரைக்கு

நுழையும்முன்

படித்து மகிழ்ந்த கதை ஒன்று திரைப்படமாக வரும்போது மகிழ்ச்சியும் மனக்குறையும் ஒருசேர எழுவது இயல்பு. கோட்டையும் கடலும் குதிரைப்படையும் கண்முன் நிற்கின்றன. ஆயினும் ஏதோ ஒன்று விடுபட்டுப்போனதாகத் தோன்றுகிறது. விடுபட்டது எது? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தையும் அதன் திரைவடிவத்தையும் அருகருகே வைத்து அவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

காவிரிக் கரையும் கதைகளும்

மேட்டூர் அணையைக் கடந்து சமவெளியில் இறங்கும் காவிரி, பள்ளிபாளையம், பரமத்திவேலூர், மோகனூர் எனக் கரையோர ஊர்களைத் தொட்டுக்கொண்டு கிழக்கே செல்கிறது. ஆடிப்பெருக்கன்று இவ்வூர்களின் படித்துறைகளில் மக்கள் கூடுவதை இப்பகுதி மாணவர் ஆண்டுதோறும் கண்டிருப்பர். 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதும் ஓர் ஆடிப்பெருக்கு நாளில்தான். கதைக்களம் சோழநாடு, ஆனால் அதை எழுதியவரின் எழுத்துவாழ்வில் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் ஒரு பங்கு உண்டு.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டு இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து 1929இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழ் வெளிவந்தது. இராஜாஜிக்குத் துணையாக அவ்விதழ்ப் பணியில் ஈடுபட்டவர், அப்போது முப்பது வயதை எட்டியிருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி. கள்ளுக்கடையால் சீரழியும் குடும்பங்களுக்கு அறிவுரையைக் காட்டிலும் கதையே பயன்படும் என்பது அவ்விதழின் நம்பிக்கை. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்கும் காலம் அது. அத்தகையோருக்காக எழுதுபவர், கேட்பவர் எழுந்து போய்விடாதபடி எழுதப் பழகியாக வேண்டும். கல்கியின் உரைநடையில் பின்னாளில் வாசகர் கண்ட நேர்ப்பேச்சுத் தன்மைக்கு இப்பயிற்சியும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. நாட்டிலேயே முன்னோடியாக 1937இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

திரைப்படத்திற்கும் இச்சமவெளி அயலானதன்று. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் புதினமான 'திகம்பர சாமியார்' 1950இல் அந்நிறுவனத்தால் படமாயிற்று. ஏற்காடு செல்லும் சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் இன்று எஞ்சி நிற்கிறது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' புதினத்தைக் கோவை பட்சிராஜா நிறுவனம் 1954இல் திரைக்குக் கொண்டுவந்தது. ஸ்ரீராமுலு நாயுடு இயக்க, மு. கருணாநிதி உரையாடல் எழுத, எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. இந்தி உள்ளிட்ட பிற மொழிகளிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடர் நிறைவுற்றதும் அதே 1954ஆம் ஆண்டில்தான். ஆனால் அப்புதினம் திரையை அடைய அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

சொல்பவரின் குரல்

ஐந்து பாகங்கள், இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள், ஏராளமான பாத்திரங்கள் என விரியும் இப்புதினத்தைப் படமாக்க இயலாமைக்கு அளவே காரணம் என்பர். அது பாதி உண்மை. மற்றொரு பாதி, அக்கதை சொல்லப்படும் முறையில் இருக்கிறது.

புதினத்தின் முதல் பக்கத்திலேயே கதைசொல்லி வாசகரைக் கைப்பிடித்துக் கற்பனைப் படகில் ஏற்றிக்கொள்கிறார். நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்றதும் கண்ணில் படுவது கோட்டையோ போர்க்களமோ அன்று; வீரநாராயண ஏரிக்கரையில் களைத்த குதிரைமேல் தனியாக வரும் வந்தியத்தேவன். அவன் ஏரியின் நீர் வெளியேறும் கணவாய்கள் எழுபத்து நான்கு என்பதை எண்ணிப் பார்த்து வியக்கிறான். சோழர் பெருமையைப் புகழ்மொழியால் கூறாமல், ஏரியின் மதகுகளை எண்ணவைத்துக் கூறுகிறார் கல்கி. அதன்பின் சைவ வைணவச் சண்டை வருகிறது, ஆழ்வார்க்கடியான் வருகிறான், திரையிட்ட மூடுபல்லக்கு ஒன்று செல்கிறது. பல்லக்கினுள் இருப்பது பழுவூர் இளையராணி நந்தினி என்றே எல்லாரும் எண்ணுகின்றனர். கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தில் அப்பல்லக்கிலிருந்து இறங்குபவரோ மதுராந்தகர். இடையிடையே கதைசொல்லி தாமே குறுக்கிட்டு ஒன்றை விளக்குவார். ஒன்றை வேண்டுமென்றே மறைப்பார். 'அதைப் பிறகு பார்ப்போம்' என்னும் பாங்கில் வேறோர் ஊருக்கு அழைத்துச் செல்வார்.

தொடராக வந்த காலத்தில் இம்மறைப்புகளின் விடையை அறிய வாசகர் வாரக்கணக்கில் காத்திருந்தனர். காத்திருப்பு என்பது கதைக்கு வெளியே நிகழ்வது போலத் தோன்றினாலும், அதுவும் கதையின் உறுப்பே. ஒருவாரம் முழுதும் பல்லக்கைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்த வாசகர், அதன் திரை விலகும்போது அடையும் வியப்பு, சில நிமிட இடைவெளியில் கிட்டுவதன்று.

திரையின் ஒளி

இப்புதினத்தைப் படமாக்க 1958இல் எம். ஜி. இராமச்சந்திரன் முயன்றார், அம்முயற்சி நிறைவேறவில்லை. பின்னர் கமல்ஹாசன் போன்றோரும் விரும்பினர். முதலில் மேடையில்தான் அது முழுவடிவம் பெற்றது. 1999இல் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் சென்னையில் அதை நாடகமாக்கினர். அந்நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேல், பின்னர் மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் இணைந்து திரைக்கதையிலும் பங்கேற்றார். மணிரத்னம் இயக்கிய முதற்பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடுகின்றன.

காட்சியமைப்பில் இப்படம் தமிழ்த்திரையின் பெருமைக்குரிய ஆக்கங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. இரவி வர்மனின் ஒளிப்பதிவு விளக்கொளியையும் தீப்பந்தத்தையும் நம்பி நிற்கிறது. அரண்மனை உட்கூடங்களில் முகத்தின் ஒருபக்கம் ஒளியிலும் மறுபக்கம் இருளிலும் இருக்கும். சூழ்ச்சி நிறைந்த ஒரு கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஒளி இல்லை. தோட்டா தரணியின் அரங்கங்கள், ஏகா லக்கானியின் உடைகள், ஏ. ஆர். இரகுமானின் இசை ஆகியன அவ்வொளிக்கு உடலும் உயிரும் தருகின்றன. கல்கி இதழில் ஓவியர் மணியம் வரைந்த உருவங்களையே மனத்தில் தாங்கியிருந்த மூத்த வாசகர்களும் திரையிற்கண்ட குந்தவையையும் நந்தினியையும் ஏற்றுக்கொண்டனர். இது எளிய வெற்றியன்று. காவிரியின் கதைக்காகப் படப்பிடிப்புக் குழு தாய்லாந்துக்கும், நருமதைக் கரையிலுள்ள மகேசுவருக்கும், பேத்வா ஆற்றங்கரையிலுள்ள ஓர்ச்சாவுக்கும் செல்ல நேர்ந்ததைத் தமிழகத்துப் பார்வையாளர் சற்றே புன்னகையுடன்தான் அறிந்துகொண்டிருப்பர்.

எழுபதாவது தேசியத் திரைப்பட விருதுகள் 2024இல் அறிவிக்கப்பட்டபோது முதற்பாகம் நான்கு விருதுகளைப் பெற்றது. சிறந்த தமிழ்ப்படம் என்பது ஒன்று. எஞ்சிய மூன்றும் ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு ஆகியவற்றுக்கு உரியவை. விருதைக் கொண்டு படைப்பை அளப்பது சரியன்று. எனினும் கண்ணும் செவியும் நிறைந்ததை அப்பட்டியல் உணர்த்துகிறது. கதை நிறைந்ததா என்பதே நூலைப் படித்தோர் பலரின் வினா.

முகம் காட்டிக்கொடுக்கும் மறைபொருள்

எழுத்தில் ஒரு பாத்திரத்துக்கு முகம் இல்லை. பெயரும் சில அடைமொழிகளுமே உண்டு. ஆகவே ஒருவரே இரு பெயர்களில் உலவினாலும், இருவர் ஒரே சாயலில் இருந்தாலும், எழுத்தாளர் விரும்பும் நாள்வரை அதை மறைத்து வைக்கலாம். திரையில் அது இயலாது.

'மலைக்கள்ளன்' படத்தில் கதைத்தலைவன் அப்துல் ரகீம் என்னும் வணிகனாக மாறுவேடத்தில் வருகிறான். ஒட்டுத்தாடியும் தலைப்பாகையும் அணிந்திருந்தாலும் அவர் யார் என்பதை அரங்கிலிருந்த கடைசி வரிசைப் பார்வையாளரும் முதல் நொடியிலேயே கண்டுகொண்டார். ஆகவே 'இவர் யார்?' என்னும் வினாவை அப்படம் வலியுறுத்தவில்லை. 'இவரை மற்றவர்கள் எப்போது கண்டுகொள்வார்கள்?' என்பதையே நகர்வின் விசையாக்கிக் கொண்டது. மறைபொருள் போயிற்று, அதனிடத்தில் பார்வையாளருக்கும் தலைவனுக்கும் இடையே ஒரு கூட்டுக் கமுக்கம் பிறந்தது. காவலர்கள் ஏமாறும்போதெல்லாம் அரங்கம் சிரித்தது. ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெறும் இவ்வகை மாற்றமே தழுவல் கலையின் உயிர்நாடி.

'பொன்னியின் செல்வ'னில் இத்தகைய மறைபொருள் இன்னும் ஆழமானது. நந்தினியின் முகமும் ஊமைராணி மந்தாகினியின் முகமும் ஒன்றுபோலிருத்தலே கதையின் நடுநரம்பு. சுந்தரசோழர் நள்ளிரவில் காணும் உருவம் இறந்தவளின் ஆவி என்றே நம்பி நடுங்குகிறார். ஈழத்தில் அருள்மொழிவர்மரைக் காத்த பெண் யார், பழுவூர் அரண்மனையில் இருப்பவள் யார், இருவருக்கும் உறவென்ன என்பவற்றைக் கல்கி நூற்றுக்கணக்கான பக்கங்களில் நூலிழைபோலப் பிரித்துச் செல்கிறார். திரையில் இரு பாத்திரங்களையும் ஐஸ்வர்யா ராயே ஏற்றிருக்கிறார். முதற்பாகத்தின் இறுதியில், கடலுள் மூழ்கும் அருள்மொழியை நோக்கி நீந்திவரும் முதியவளின் முகம் தெரிந்த கணத்திலேயே புதிர் பாதி அவிழ்ந்துவிடுகிறது. அக்காட்சி பேரழகானது. ஆனால் வாசகருக்கு ஈராண்டு ஐயமாக இருந்தது பார்வையாளருக்கு ஒரு நொடி அதிர்ச்சியாக முடிகிறது. 'மலைக்கள்ளன்' செய்ததுபோல, இழந்த மறைபொருளுக்கு ஈடாக வேறொன்றை இப்படம் தந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே கூறவேண்டும். இரண்டாம் பாகத்தில் அவ்வுறவு காட்சியாக வளராமல் உரையாடலில் செய்தியாகச் சொல்லி முடிக்கப்படுகிறது.

கதைசொல்லியின் குரலும் அவ்வாறே. படத்தின் தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் நாட்டு நிலையை எடுத்துரைக்கிறது. அக்குரல் செய்தியைத் தருகிறது; கல்கியின் குரலோ தோழமையைத் தந்தது. ஏரிக்கரையில் தனித்து வரும் இளைஞனுக்கு முன்னதாக, இராஷ்டிரகூடருக்கு எதிரான ஆதித்த கரிகாலனின் போர் திரையை நிறைக்கிறது. பெருந்திரைக்கு அது தகுந்த தொடக்கமே. எனினும் ஒரு வழிப்போக்கனின் வியப்போடு சோழநாட்டுக்குள் நுழையும் வாய்ப்பு அங்கு நழுவுகிறது. அடுத்தடுத்துப் பெயர்கள் வருகின்றன. பழுவேட்டரையர் இருவர், சம்புவரையர், மலையமான், வேளார் என. நூலைப் படித்தவர் தம் நினைவிலிருந்து இடைவெளிகளை நிரப்பிக்கொள்வார். படிக்காதவர் அருகிலிருப்பவரிடம் 'இவர் யார்?' எனக் கேட்க நேரும். ஒரு படம் தன்னைப் புரிந்துகொள்ள மற்றொரு நூலை வேண்டி நிற்குமானால், கதைசொல்லலில் அது ஒரு குறையே.

தெரிந்து தெளிவோம்

கல்கிக்குத் திரைப்படம் புதிதன்று. 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி'யின் கதை அவருடையது. ஆனந்த விகடனில் அக்கதை தொடராக வந்தபோது, ஓவியங்களுக்கு மாற்றாகப் படத்தின் நிழற்படங்களே அச்சிடப்பட்டன. விடுதலை உணர்வைத் தூண்டுகிறது எனக் கருதி ஆங்கில அரசு பின்னர் அப்படத்துக்குத் தடை விதித்தது. அவருடைய 'கள்வனின் காதலி' 1955இலும் 'பார்த்திபன் கனவு' 1960இலும் படங்களாயின.

காரணம் இழந்த நிகழ்ச்சிகள்

சுருக்குதல் குற்றமன்று. ஐந்தரை மணி நேரத்தில் ஐந்து பாகங்களையும் அடக்க முயல்பவர் பலவற்றைக் கைவிட்டே ஆகவேண்டும். எதைக் கைவிடுவது என்பதில்தான் திரைக்கதை ஆசிரியரின் நுண்ணறிவு வெளிப்படும்.

புதினத்தின் முடிவில், பூமாலை தொடுத்து இறைத்தொண்டு புரியும் எளிய இளைஞன் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்பது தெரியவருகிறது. மக்கள் விரும்பிய அருள்மொழிவர்மர், தமக்குச் சூட்டப்படவிருந்த மணிமுடியை அவனுக்கு அணிவிக்கிறார். ஐந்தாம் பாகத்தின் பெயரே 'தியாகச் சிகரம்'. படத்தில் பிள்ளை மாற்றம் பற்றிய இக்கிளைக்கதை நீக்கப்பட்டது. முடி, அதுவரை அரசுரிமை வேண்டிப் பகைவரோடு கைகோத்த மதுராந்தகருக்கே செல்கிறது. நிகழ்ச்சி ஒன்றே, முடி துறக்கப்படுகிறது. ஆனால் பூக்குடலை ஏந்திய கையில் செங்கோல் சேரும் வியப்பு அங்கு இல்லை. அருள்மொழியின் துறவு ஏன் அந்நாளில் அந்த மனிதருக்காக நிகழ்ந்தது என்பதற்குப் பார்வையாளர் தாமே காரணம் கற்பித்துக்கொள்ள வேண்டியுள்ளது. படகோட்டிப் பெண் பூங்குழலியின் கதையும் இதனால் ஒடுங்கிவிட்டது. அரசியாகும் கனவும் அமுதனின் அன்பும் அவளுக்குள் மோதும் மோதல் திரையில் இடம்பெறவில்லை.

இதற்கு மாறாக, ஆதித்த கரிகாலனும் நந்தினியும் சந்திக்கும் கடம்பூர்க் காட்சி நூலினின்றும் வேறுபட்டும் நிறைவாக அமைந்தது. கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி இருளுக்கும் பல ஐயங்களுக்கும் நடுவே விட்டுச்செல்கிறார். திரைப்படம் அதை இருவர் முகங்களுக்கிடையே நிகழும் ஒன்றாக மாற்றுகிறது. இரண்டாம் பாகம் அவ்விருவரின் இளமைக்கால அன்போடு தொடங்குவதால், கத்தி உயர்வதற்குமுன் இருக்கும் மௌனத்துக்கு ஓர் எடை கூடுகிறது. இங்குக் காட்சியே கதையைச் சொல்கிறது. படம் முழுதும் இவ்வாறு அமைந்திருக்கலாகாதா என்னும் ஏக்கத்தை எழுப்புவதும் இக்காட்சிதான்.

துணிந்து விட்டவர்கள்

எழுத்தைத் திரைக்கு மாற்றியவர்களுள் வென்றவர்கள் பலர், மூலநூலுக்குப் பணிவதினும் திரைமொழிக்குப் பணிந்தவர்கள். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் வங்கப் புதினத்தைச் சத்யஜித் ராய் 1955இல் 'பதேர் பாஞ்சாலி' என்னும் அதே பெயரில் படமாக்கினார். தொலைவூரிலிருந்து திரும்பும் தந்தை, மகள் இறந்ததை அறியாமல் அவளுக்காக வாங்கிவந்த சேலையைத் தாயிடம் நீட்டுகிறார். தாய் கதறுகிறாள், ஆனால் அவள் குரல் கேட்பதில்லை. அதனிடத்தில் தார் ஷெனாய் என்னும் இசைக்கருவியின் உச்சநாதம் ஒலிக்கிறது. எழுத்தாளர் பல வரிகளில் எழுதக்கூடியதை இயக்குநர் ஓர் ஒலியில் சொல்லிவிட்டார்.

தமிழில் மகேந்திரனைச் சான்றாகக் கூறலாம். இளமையில் எம். ஜி. இராமச்சந்திரனுக்காகப் 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதித் தந்தவர் இவரே. பல ஆண்டுகள் கழித்து, உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' புதினத்தை 1978இல் இயக்கியபோது, நூலின் போக்கை முழுமையாகப் பின்பற்றாமல் அண்ணன் தங்கை உறவை மட்டும் மையமாக வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டில் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்து 'உதிரிப்பூக்க'ளை உருவாக்கினார். இரு படங்களிலும் காட்சி அழகு உண்டு. பாலு மகேந்திரா, அசோக்குமார் ஆகிய ஒளிப்பதிவாளர்களின் திறனை இன்றும் போற்றுகின்றனர். ஆயினும் அழகு பாத்திரங்களின் மனநிலையைப் பின்தொடர்ந்து வருகிறதேயன்றி முந்திக்கொண்டு ஓடுவதில்லை. சிறுகதை அளவேயுள்ள நெடுங்கதைக்கு அத்துணிவு எளிது. இரண்டு தலைமுறையினர் மனப்பாடமாக அறிந்த ஒரு பெரும்புதினத்துக்கு அது எளிதன்று என்பதையும் நேர்மையுடன் சொல்லவேண்டும். ஒரு பாத்திரத்தை விட்டாலே வாசகர் கேள்வி எழுப்பும் நூல் அது.

அவ்வாறு கேள்வி எழுந்த பாத்திரங்களுள் ஒருத்தி மணிமேகலை, கந்தன்மாறனின் தங்கை, கடம்பூர் மாளிகையின் விளையாட்டுப் பெண். வந்தியத்தேவன் மனம் குந்தவையிடம் இருப்பதை அறிந்தும் அவனைக் காப்பதற்காகக் கொலைப்பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளத் துணிகிறாள். அரசுரிமைக்கும் சூழ்ச்சிக்கும் அவளால் ஆவது எதுவுமில்லை. அவளை நீக்கினாலும் சோழப் பேரரசின் வரலாறு குறைவின்றி நடக்கும்; படத்தில் அவள் இல்லை. புதினத்திலோ, மணிமுடி சூட்டல் முடிந்த பிறகும் கல்கி கதையை நிறுத்திவிடவில்லை. வெற்றி முழக்கங்களைக் கடந்து வாசகரைக் கூட்டிச்சென்று, சித்தம் கலங்கிய அந்தப் பெண் வந்தியத்தேவனின் மடியில் உயிர்விடும் இடத்தில்தான் ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை முடிக்கிறார்.